அன்னவாசலுக்குப் போன ஊலோங்

என் தம்பியின் கல்யாணம் இரண்டு தகர டப்பாக்களுக்குள் இருந்தது. ஒன்றில் ஊலோங் என்ற சீனத் தேயிலை, இன்னொன்றில் வெள்ளைத் தேயிலை. இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு பினாங்கிலிருந்து கப்பலேறி வந்தேன். கரை இறங்கியதும் சுங்க அதிகாரி ஒருவர் மூடியைத் திறக்கச் சொன்னார். திறந்தால் வாசனை போய்விடும் என்றேன். அதிலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. திறந்து மூக்கை நுழைத்து, "என்ன இது, கஷாயச் சருகா?" என்று கேட்டார். ஆமாம், வயிற்றுக்கு நல்லது என்றேன். இந்தியாவில் நான் சொன்ன முதல் பொய் அது. பிறகு நான் செய்த காரியத்தைப் பார்த்தால் அது மிகவும் சின்னப் பொய்.

தம்பி சுந்தரம் துறைமுகத்தில் குமாஸ்தா. எங்கள் தெருமுனையில் தேயிலைக் கடை வைத்திருக்கும் சீனத் தவுக்கேயின் மகள் மெய்லானைத்தான் கட்டுவேன் என்று இரண்டு வருடமாக ஒற்றைக் காலில் நின்றான். தவுக்கே என்றால் எங்கள் பக்கத்தில் முதலாளி. அவரும் இரண்டு வருடம் முறைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். அவர்கள் வழக்கத்தில் மணப்பெண் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவருக்குத் தேநீர் கொடுப்பாள். அவர் குடித்தால் பெண்ணை ஏற்றுக்கொண்டார் என்று பொருள். கிண்ணத்தைத் தொடாமல் வைத்துவிட்டால் கல்யாணம் இல்லை.

எங்கள் அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சமிருக்கும் பெரியவர், அன்னவாசலுக்கு இரண்டு மைல் தள்ளி ஒரு கிராமத்தில் விவசாயம் செய்யும் எங்கள் பெரியப்பா. நானும் தம்பியும் பினாங்கிலேயே பிறந்தவர்கள். அவரைப் பார்த்ததுகூடக் கிடையாது.

"பெண்ணைக் கடல் தாண்டி அனுப்ப மாட்டேன். அவள் கையால் கட்டிய தேயிலை போகட்டும்," என்றார் தவுக்கே. அவர் பேசுவது ஹொக்கியன் என்ற சீன மொழி. எனக்கு அது முக்கால்வாசி புரியும். "நீ போய் ஊற்றிக் கொடு. 'இது உங்கள் மருமகள் தரும் தேநீர்' என்று சொல்லிக் கொடு. சொல்லாமல் கொடுத்தால் அது வெறும் தண்ணீர்தான். உன் தம்பியை அனுப்பாதே, அவன் இலையைக் கொதிக்க வைத்துக் கொன்றுவிடுவான்."

என் கணவருக்குக் கப்பலைப் படத்தில் பார்த்தாலே வாந்தி வரும். ஆகவே தனியாகத்தான் கிளம்பினேன். கிளம்புவதற்கு முன் ஒரு மாதம், பள்ளிக்கூடம் விட்டதும் தவுக்கே கடையில் எனக்குப் பாடம் நடந்தது. நான் தமிழ்ப் பள்ளி ஆசிரியை. பிள்ளைகளை நான் படுத்திய பாட்டையெல்லாம் அவர் எனக்குத் திருப்பிக் கொடுத்தார். ஊலோங்குக்குத் தளதளவென்று கொதிக்கும் நீர் வேண்டும். முதல் தண்ணீரை ஊற்றி உடனே கொட்டிவிட வேண்டும், அது இலையை எழுப்புவதற்கு. இரண்டாவது தண்ணீர்தான் குடிக்க. வெள்ளைத் தேயிலைக்கு நீர் கொதித்து அடங்க வேண்டும், அவசரப்பட்டால் அது கோபித்துக்கொண்டு கசந்துவிடும். பால் கூடாது. சர்க்கரை கூடாது. குடிக்கும்போது பேச்சும் கூடாது. வாய் மூடியிருந்தால்தான் ஊலோங் தொண்டைக்குள் இறங்கிய பிறகு திரும்பி வந்து நாக்கில் இனிக்கும் என்பார். எனக்குப் பதினொன்றாம் நாள்தான் இனித்தது.

புதுக்கோட்டையில் அன்னவாசல் பஸ் ஏறினேன். என் பக்கத்தில் ஒரு மீன்காரம்மா உட்கார்ந்தார். கட்டுமாவடிக் கருவாட்டுக் கூடையை என் காலடியில் தள்ளினார். தேயிலைக்கு ஜன்மப் பகை பிற வாசனை. நான் டப்பாக்களைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அது என்னங்க, சாமி விபூதியா? இம்புட்டு மருவாதையாத் தூக்கிட்டு வாரீங்க?"

"தேயிலைம்மா."

"நம்ம ஊர்ல இல்லாத தேயிலையா? இதுக்குப் போயி கையைக் கடுக்க வச்சுக்கிட்டு."

பாதி வழியில் பஸ்ஸின் மூக்கிலிருந்து ஆவி கிளம்பி, வண்டி ஒரு புளியமரத்தடியில் நின்றுவிட்டது. சுற்று வட்டாரத்தில் தண்ணீர் இல்லை. கண்டக்டரின் கண் என் பிளாஸ்க்கில் விழுந்தது. தேநீருக்கு என்று நல்ல தண்ணீரைக் காய்ச்சி எடுத்து வந்திருந்தேன்.

"தண்ணிதானம்மா? ஒரு உதவி பண்ணுங்க. இருபது பேரு வெயில்ல நிக்கிறாங்க."

"அது வெந்நீரப்பா."

"வண்டிக்கு வெந்நீர்தாம்மா இதமா இருக்கும்," என்றவர் அதை வாங்கி ரேடியேட்டரில் ஊற்றிவிட்டார். பஸ் ஒரு செருமல் செருமிக் கிளம்பியது. தவுக்கே பார்த்திருந்தால், நீரின் சூடு சரியாக இருந்ததா என்று கேட்டிருப்பார்.

பெரியப்பா வீட்டில் என்னைத் தலையில் வைத்துக் கூத்தாடினார்கள். பெரியப்பா கருப்பையா, ஒல்லியாக உயரமாக, எங்கள் அப்பாவை வெயிலில் காயப்போட்டு எடுத்தது போல இருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பேச வேண்டியதையெல்லாம் பெரியம்மா சிவகாமி பேசினார்.

"என்னாத்தா, காயிதம்கூடப் போடாம தனியா வந்து நிக்கிற? தம்பி வரலையா? ஒம் புருசன் வரலையா? வீட்ல எல்லாம் நல்லாத்தானே இருக்காக?"

நல்லாயிருக்கிறார்கள் என்று சொல்லி, பேச்சை மாற்றினேன். இதுதான் என் கள்ளத்தனம். சீனப்பெண் என்று முதலிலேயே சொன்னால் பெரியப்பா கிண்ணத்தைத் தொடமாட்டார். முதலில் குடிக்க வைத்து, வாசனையில் மயங்கி இருக்கும்போது மெதுவாகச் சொல்லிவிடலாம் என்று கப்பலிலேயே திட்டம் போட்டிருந்தேன். தவுக்கே சொன்ன வார்த்தைகளைக் கிண்ணத்துக்கு முன்னால் சொன்னால் என்ன, பின்னால் சொன்னால் என்ன? நான் பேச்சை மாற்றியதை மட்டும் பெரியம்மா கவனித்துக்கொண்டார். அது எனக்கு அப்போது தெரியவில்லை.

சாப்பாடு வரகரிசிச் சோறும் கருவாட்டுக் குழம்பும். எங்கள் பினாங்கில் பெலாச்சான் என்று ஒரு இறால் விழுது உண்டு, வறுத்தால் மூன்று தெருவுக்கு மணக்கும். இந்தக் குழம்பு அதற்கு அக்காள் முறை. மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அன்று தேநீர் சுவைக்க என் நாக்கு லாயக்கில்லாமல் போனது.

மறுநாள் காலையில் வெள்ளோட்டம் பார்த்தேன். வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் ஊலோங் போட்டால் உப்புக்கண்டம் ஊறவைத்த நீர் மாதிரி இருந்தது. பெரியம்மா, "குடிக்கிற தண்ணி இது இல்ல ஆத்தா," என்று ஊரணித் தண்ணீர்ப் பானையைக் காட்டினார். பார்த்தால் கலங்கலாக இருந்தது. அவர் ஒரு தேத்தாங்கொட்டையை எடுத்துப் பானையின் உட்புறம் நாலு இழைப்பு இழைத்துவிட்டு, "செத்த பொறு," என்றார். கலங்கல் அடியில் போய் உட்கார்ந்தது. மேலே தெளிந்த நீரைக் காய்ச்சி ஊலோங் ஊற்றினேன். நம்பமாட்டீர்கள், பினாங்கில் பதினொரு நாள் காத்திருந்த இனிப்பு இங்கே முதல் வாயிலேயே வந்துவிட்டது. இதை மட்டும் தவுக்கேயிடம் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன்.

இலையைப் பார்த்துப் பெரியம்மாவுக்குத் திருப்தி இல்லை. ஊலோங் சுருண்டு கறுத்து, சுண்டைக்காய் வற்றல் சாயலில் இருந்தது. வெள்ளைத் தேயிலையில் காய்ந்த மொட்டுகள்தான், மேலெல்லாம் நரைத்த ரோமம். "பூசணம் பிடிச்சிருக்கு," என்று அதைக் குப்பையில் போடப் போனார். ஓடிப் போய்ப் பிடுங்கினேன். முதல் தண்ணீரை நான் கீழே கொட்டியபோது அவருக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. அரை மைல் நடந்து தூக்கி வந்த தண்ணீர் அல்லவா. அடுத்த தடவை ஒரு சட்டியை நீட்டிப் பிடித்து வாங்கி, மாட்டுக்கு வைக்கும் கழுநீர்ப் பானையில் ஊற்றினார். அந்த ஊரில் முதன்முதலாகச் சீனத் தேநீர் குடித்தது ஒரு செவலைப் பசு.

மூன்றாம் நாள் காலை அரங்கேற்றம். என்னைப் பார்க்கவென்று பங்காளிகள், மாமன் மச்சான்கள் என்று பதினைந்து பேர் வாசல் பந்தலில் கூடியிருந்தார்கள். நல்ல சமயம், சாட்சிகளும் ஆயிற்று என்று உள்ளே போய் அடுப்பை மூட்டினேன். பினாங்கில் நாங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கட்டும் வெள்ளைப் புடவையைத் துவைத்துக் கட்டியிருந்தேன். சின்னச் சின்னக் கிண்ணங்களில் ஊலோங்கை ஊற்றித் தட்டில் அடுக்கி, தவுக்கே சொல்லிக் கொடுத்தபடி தலையைக் குனிந்து, வாயைத் திறக்காமல் பந்தலுக்குள் வந்தேன்.

பந்தலில் பேச்சு நின்றது. சரி, வாசனை வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

பெரியப்பா முன்னால் தட்டை நீட்டினேன். அவர் கிண்ணத்தைப் பார்த்தார், என் புடவையைப் பார்த்தார். 

"யாரு ஆத்தா?" என்றார் மெல்ல.

யார் கொடுத்தனுப்பியது என்று கேட்கிறார் என நினைத்தேன். பெண்ணின் பெயரை இப்போதே சொல்ல வேண்டாம், தம்பியின் பெயரோடு நிறுத்திக்கொள்வோம் என்று தோன்றியது.

"தம்பி சுந்தரம்தான், பெரியப்பா," என்றேன், இன்னும் குனிந்தபடி.

அவர் கிண்ணத்தை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். ஒரு சொட்டு மிச்சமில்லை. எனக்குள் மேளம் கொட்டியது. அடுத்த நொடி அவர் துண்டை வாயில் பொத்திக்கொண்டு, "ஏ எஞ்சாமி, ஒம் மூஞ்சியக்கூடப் பாக்கலியேடா," என்று குலுங்கி அழுதார். உள்ளேயிருந்து பெரியம்மா தலையை விரித்துக்கொண்டு ஓடி வந்தார். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். ஆண்கள் ஆளுக்கொரு கிண்ணத்தை எடுத்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு குடித்தார்கள்.

இலை கொஞ்சம் அதிகமாகிவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

அந்தச் சீமையில் பால் ஊற்றாத கறுப்புத் தண்ணீரைத் தட்டில் வைத்து, பேசாமல் நீட்டுவது ஒரே இடத்தில்தான். சாவு வீட்டில். கேதம் கேட்க வந்தவர்களுக்குக் கடுங்காப்பி கொடுப்பார்கள். மறுக்கக் கூடாது, குடித்துவிட வேண்டும். கடிதம் போடாமல் தனியாக வந்து, தம்பியைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றி, வெள்ளைப் புடவையும் கட்டி, கடுங்காப்பியும் கையுமாக வந்து நின்றவள் நான்தான். யார் என்று கேட்டதற்குத் தம்பி என்று பதிலும் சொல்லிவிட்டேன்.

இதை எனக்குப் புரியவைத்தவர் மச்சான் முறையுள்ள ஒருவர். "எப்ப நடந்துச்சு? என்ன சீக்கு?" என்று அவர் காதோரம் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

"ஐயோ, பெரியப்பா, தம்பி சாகலை. நல்லா இருக்கான்," என்று கத்தினேன். அழுகைச் சத்தத்தில் கேட்கவில்லை. பெரியம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கி, "கல்யாணம், கல்யாணம், தம்பிக்குக் கல்யாணம்," என்றேன். பந்தல் அடங்கியது. எல்லா முகமும் என்னைப் பார்த்தன. பெரியம்மா கூந்தலை அள்ளி முடிந்துகொண்டே கேட்டார், "அதுக்கு ஏண்டி கடுங்காப்பி குடுத்த?"

அப்புறம் மறைக்க ஒன்றுமில்லை. தவுக்கே, மெய்லான், டப்பாக்கள், நிபந்தனை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். குடிக்க வைத்துவிட்டுப் பிறகு சொல்ல இருந்த திட்டத்தையும் சேர்த்துத்தான். பொய்ச் சாவு சொன்னால் ஆயுசு கெட்டி என்று இரண்டு பேர் சொன்னார்கள். அதற்குள் சேதி கேட்டு மேலத்தெருவிலிருந்து ஒப்பாரிக்குப் பேர்போன ஓர் அம்மாள் மாரில் அடித்துக்கொண்டே வந்துவிட்டார். விஷயம் தெரிந்ததும், "வெயில்ல ஓடியாந்துட்டனே," என்று கோபித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவரைச் சமாதானப்படுத்த ஒரு கிண்ணம் கொடுத்தேன். வந்தவர்களில் ருசித்துக் குடித்தவர் அவர் ஒருவர்தான். இன்னொரு தடவையும் கேட்டார்.

பெரியப்பா எழுந்து வயலுக்குப் போய்விட்டார். இருட்டிய பிறகுதான் திரும்பினார். பார்த்தேயிராத ஒரு பிள்ளைக்காக அந்த மனிதர் அழுத அழுகை என் காதை விட்டுப் போகவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

நான்காம் நாள் பெரியப்பா ஒரே வார்த்தையில் முடித்தார்.

"சீனச்சி சரிப்படாது."

"ஏன் பெரியப்பா?"

"நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா சபையில யாருன்னு சொல்லி நிறுத்துறது? தாய்மாமன் சீரு எங்கேருந்து வரும், சீனாவுலேருந்தா?"

"பேரு என்ன ஆத்தா அவளுக்கு?" என்று இடையில் புகுந்தார் பெரியம்மா.

"மெய்லான்."

"மயிலா? முருகன் பேராவுல்ல இருக்கு," என்றார். நான் திருத்தவில்லை. இப்படி ஒரு பிழையைத் திருத்துவதற்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் எனக்குச் சம்பளம் கொடுக்கவில்லை.

பெரியப்பா இறங்கி வரவில்லை. அன்று பிற்பகல் தம்பிக்கு ஒரு கடிதம் எழுதினேன். "பெரியப்பா பதினைந்து பேர் முன்னிலையில் தேநீரை ஒரு சொட்டு விடாமல் குடித்தார்." ஒவ்வொரு சொல்லும் சத்தியம். தவுக்கே இதை நம்பிவிடுவார். சுந்தரத்துக்குக் கல்யாணமும் ஆகிவிடும். உறையை ஒட்டும்வரை எனக்கு எல்லாம் சரியாகத்தான் பட்டது. ஒட்டிய பிறகு, பெரியப்பா துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதது ஞாபகம் வந்தது. தபால்பெட்டி அன்னவாசலில் இருந்தது. இரண்டு மைல் நடக்க வெயில் ஒத்துக்கொள்ளாது என்று எனக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு கடிதத்தை என் துணிப்பெட்டிக்குள் வைத்தேன்.

ஐந்தாம் நாள் நான் கிளம்ப வேண்டும். காலையில் பெரியம்மா, "அந்தப் பூசணத்தப் போடு, குடிச்சுப் பாப்போம்," என்றார். ஊரணித் தண்ணீர் கொதித்து அடங்கும் வரை பொறுத்திருந்து வெள்ளைத் தேயிலையை ஊற்றினேன். நிறமே இல்லை, வெயில் பட்ட தண்ணீர் மாதிரி ஒரு மஞ்சள். நான் குடித்தேன். மழை பெய்த மறுநாள் வைக்கோல்போர் பக்கம் போனால் வருமே, அந்த வாசனை, அதற்குப் பின்னால் லேசாக ஒரு தித்திப்பு. பெரியம்மா இரண்டு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"வெந்நியத்தானே குடுத்த?"

"இல்லை பெரியம்மா, இதுதான் உசத்தி."

"அப்ப வெந்நிக்கு வெக்கம் வந்தாப்புல இருக்கு," என்று மிச்சத்தையும் குடித்தார்.

பெரியப்பா இவ்வளவு நேரமும் எதிரே பந்தல் காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் அவர் பக்கம் கிண்ணத்தை நீட்டவில்லை. பெட்டியிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன்.

"பெரியப்பா, நீங்க குடிச்சீங்கன்னு எழுதிட்டேன். பொய் இல்லை. ஆனா நீங்க போடுன்னு சொன்னாத்தான் போடுவேன். வேணாம்னா இங்கேயே கிழிச்சுடுறேன்."

அவர் கடிதத்தைத் தொடவில்லை. 

"ஒங்கப்பன் போனது எனக்கு எப்பத் தெரியும், தெரியுமா? ஜப்பான்காரன் சண்டையெல்லாம் முடிஞ்ச பெறகு. காயிதம் வந்தப்ப அவன் செத்து ரெண்டு வருசம். ரெண்டு வருசத்துக்கு முந்துன சாவுக்கு எவன் கேதம் கேட்டு வருவான்? யாரும் வரல. எனக்கு ஒரு வாய்க் கடுங்காப்பி குடுக்க ஆளு இல்ல. மாட்டுக்கு வைக்கோலு அள்ளிப் போட்டுக்கிட்டு நின்னேன். அழுகையே வரல."

பெரியம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"முந்தாநாளு நீ வந்து நீட்டுன பாரு, அன்னைக்குத்தான் வந்துச்சு," என்றார் பெரியப்பா. "அந்தக் கறுப்புத் தண்ணி எந்தம்பிக்கு, ஒங்கப்பனுக்குக் குடிச்சது ஆத்தா. அதப் போயி கல்யாணக் கணக்குல எழுதாத. கிழிச்சுப் போடு."

கிழித்தேன். சுந்தரத்திடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அழக்கூடாது என்று பல்லைக் கடித்தேன், முடியவில்லை. அப்பா பிறந்த இந்த ஊரில் அவருக்காக நானும் அதுவரை அழுதிருக்கவில்லை.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒளிக்காம எங்கிட்டக் கேட்டுட்ட. பயலுக்குன்னா வேற ஊத்து. நல்ல காரியத்துக்குப் பாலு ஊத்திக் குடு."

வெள்ளைத் தேயிலையில் பால் ஊற்றுவது தவுக்கே அகராதியில் கொலைக்குச் சமானம். பெரியம்மா அதற்குள் செவலையின் பாலைக் காய்ச்சிச் செம்போடு கொண்டுவந்து நின்றார். ஊற்றினேன். அந்த மொட்டுகளின் வாசனை செத்துப்போவது என் மூக்குக்குத் தெரிந்தது. இரண்டு கையாலும் கிண்ணத்தை நீட்டி, இந்தத் தடவை தலையைக் குனியாமல், பந்தலுக்கு வெளியே நிற்பவர்களுக்கும் கேட்கும்படி, "இது உங்கள் மருமகள் தரும் தேநீர்," என்றேன்.

பெரியப்பா பாதி குடித்து முகத்தைச் சுளித்தார்.

"சீனி பத்தல."

"மருமக வந்து போடுவா. இப்ப இதக் குடிங்க," என்றார் பெரியம்மா.

பெரியப்பா மறுபேச்சுப் பேசாமல் மிச்சத்தையும் குடித்துவிட்டு, கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினார்.